மந்திரித்த வளையமும் நாலு போல்ட்டும்

சவரி, ராசா,

நீயும் ஸ்டெல்லாவும் படகேறிப் போய் அடுப்பில் உலை கொதிக்கும் நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அம்மா பேனாவை எடுத்துவிட்டாள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆற்றங்கரையிலிருந்து இப்போதுதான் வந்தேன். முகம்கூடக் கழுவாமல் தையல் மெஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பட்டன் தைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்கு வெட்டிவைத்த துணியெல்லாம் அப்படியே கிடக்கிறது. கிடக்கட்டும். மனசு இவ்வளவு லேசாக இருந்து ரொம்ப நாளாகிவிட்டது. உன் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று நம்பி, வாயில் சோறு இறங்காமல் இருந்த நாட்கள் எனக்கு இருந்தன. உனக்கு அது பாதிதான் தெரியும். ஸ்டெல்லாவுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் அப்பா சொன்ன கதைதான், அதில் ஒரு குடை கடலோடு போனதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதனால் இதை அவளுக்கும் படித்துக் காட்டு. உனக்குத் தெரிந்ததையே நான் திரும்பச் சொன்னால் முகத்தைச் சுளிக்காதே, அது அவளுக்காக.

ஸ்டெல்லா, உன் புருஷனுக்குப் பரங்கிப்பேட்டையில் வேலை கிடைத்தபோது, கடல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆராய்வதுதான் வேலை என்று சொன்னான். என் தம்பி லூர்து அப்போது, "கடல்ல தண்ணி இருக்குதான்னு பாக்குறதுக்கு மாசாமாசம் சம்பளமாடா?" என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். படகு பழுது பார்ப்பவனுக்கு வேறு என்ன தோன்றும். ஆனால் சவரி சும்மா இருக்கவில்லை. புதுச்சேரியிலிருந்து சொந்த நாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம், வேலைக்கும் வீட்டுக்கும் போய்வர, இந்தப் பாய்ப்படகை வாங்கிவிட்டான். நம் ஊர்ப் படகுகளின் பாய் மாதிரி இல்லை இதன் பாய். பாயின் அடிவிளிம்பில், பாய்மரத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் நீளமாக ஒரு கட்டை கிடக்கிறது. பூம் என்கிறார்கள். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது அந்தக் கட்டை ஒரு பக்கம் விரிந்து நிற்கும். அலை படகின் பின்புறத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டாலோ, சுக்கான் பிடிப்பவன் கொஞ்சம் அசந்தாலோ, காற்று பாயின் மறுபக்கம் புகுந்து கட்டையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அறைந்து தள்ளும். நடுவில் யார் தலை இருக்கிறது என்று அது பார்க்காது.

வாங்கிய புதிதில் இதை நீ எனக்குச் சொல்லவில்லை, சவரி. லூர்துதான் வாய் தவறிச் சொன்னான். அன்றைக்கு நான் போட்ட சத்தம் உனக்கு நினைவிருக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் நீயும் உன் மாமாவும் சேர்ந்து அந்தப் பிரேக்கைச் செய்தீர்கள். பூமுக்கு அடியில் புளியங்கட்டையில் கடைந்த ஒரு உருளை. படகின் இடது ஓரத்தில் கட்டிய கயிறு மேலே போய் உருளையை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு வலது ஓரத்துக்கு இறங்கும். கட்டை ஒரேயடியாகப் பாய நினைத்தால் கயிறு உருளையைப் பிடித்துக்கொள்ளும். முழுக்கப் பிடிக்காது, உராய்ந்து உராய்ந்து விடும். கட்டை நடந்து போகிற மாதிரி மெதுவாகப் போகும். உன் மூளையைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. கயிற்றை மட்டும் நான்தான் சோதித்துப் பார்த்து வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். முப்பது வருஷம் நூலோடு வாழ்ந்தவள் அல்லவா. ஒவ்வொரு புரியாகப் பிரித்துப் பார்த்து, கடைக்காரன் "எடுத்துக்கிட்டுப் போம்மா, புண்ணியமா போவும்" என்று கும்பிடுகிற வரைக்கும் பார்த்து வாங்கி வந்தேன். எல்லோரும் கயிற்றைத்தான் பார்த்தோம். அதை எதில் கட்டப்போகிறோம் என்பதை யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை.

அந்த வருஷத் திருநாளில் மாதா சொரூபத்தை ஆற்றில் பவனி கொண்டுபோக உன் படகைத்தான் கேட்டார்கள். உயரமான மரம், வெள்ளைப் பாய், பார்க்கவே அழகு. பூ வளைவு கட்டுவதற்காக லூர்து படகின் மேல்தட்டுப் பலகையில் இரண்டு பக்கமும் இரண்டு பித்தளை வளையம் திருகினான். ஊர்க்காரர்கள் பார்க்க நானே புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். சாமியார் வந்து படகையும் வளையத்தையும் சேர்த்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பவனி முடிந்தது, வளைவைக் கழற்றினோம், வளையத்தை மட்டும் கழற்றவில்லை. மந்திரித்ததை யார் கழற்றுவது?

திருநாள் முடிந்த சில நாளில்தான் உன் மாமனார் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு நம் வீடு பார்க்க வந்தார். இரும்புக்கடைக்காரர், பேச்சு கம்மி, பார்வை ஜாஸ்தி. நம் வீட்டுக் கதவின் கீலைக்கூட அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஸ்டெல்லாவைக் கோயிலில் பார்த்ததிலிருந்து இவள்தான் என் மருமகள் என்று நான் முடிவு பண்ணிவிட்டிருந்தேன். அப்பா இல்லாத பையன், ஒரு தையல் டீச்சரின் மகன், அவருக்குப் பிடிக்க வேண்டுமே. ஆப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும் வைத்தேன். போதும் போதும் என்றவருக்கு இன்னும் இரண்டு ஆப்பத்தை இலையில் தள்ளினேன். சாப்பிட்டதும் நீ, ரயில் எதற்கு, படகிலேயே பரங்கிப்பேட்டை போய் அங்கிருந்து பஸ்ஸில் சிதம்பரம் போகலாம், அம்மாவும் மாமாவும் கூட வந்து தேதி பேசிவிடட்டும் என்றாய். படகைக் காட்டி மாமனாரை மயக்க வேண்டும் உனக்கு. எனக்கும் அந்த ஆசை இல்லாமலா போயிற்று.

துறையில் லூர்து பிரேக் கயிற்றை மாட்டக் குனிந்தான். பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும் கம்பி வந்து இறங்குகிற இரும்புத் தகடு இருக்கிறதே, துருப்பிடித்து, பார்க்கச் சகிக்காமல், அதில்தான் மாட்டப் போனான். "டேய், சம்பந்தி பாக்கறாரு. அந்தத் துருவுலயா மாட்டுவ? மந்திரிச்ச வளையம் இருக்குதில்ல, அதுல மாட்டு" என்று அவன் காதில் சொன்னேன். "அது பூவுக்குப் போட்டதுக்கா" என்றான். "மாதாவையே தாங்கினது, ஒரு கயித்தத் தாங்காதா?" என்றேன். அவன் நீ என்ன சொல்கிறாய் என்று உன்னைப் பார்த்தான். நீ மாமனாருக்குக் கை கொடுத்து ஏற்றிக்கொண்டிருந்தாய், சரி சரி என்று தலையாட்டினாய். அவ்வளவுதான். மாதா வளையத்தின் மேலா நின்றாள்? அவள் நின்றது நடுவில் போட்ட பலகைப் பீடத்தில். வளையம் தாங்கியது சாமந்திப் பூவையும் இரண்டு மூங்கில் பிளாச்சையும்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முகத்துவாரம் தாண்டித் தெற்கே திரும்பியதும் காற்று நேர் பின்னால் வந்தது. பூம் இடது பக்கம் விரிந்து நின்றது. நீ சுக்கானில் இருந்தாய், கண் முழுக்க முன்னால். லூர்து என் பக்கத்தில். உன் மாமனார் வலது பக்கம், வெயிலுக்குக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் வெளுத்தது. ஆட்டுக்கறிக் குழம்பு வேலையைக் காட்டிவிட்டது. சட்டென்று குனிந்து ஒரு கையால் படகின் ஓரத்தைப் பிடித்துத் தலையை வெளியே நீட்டினார். அதே நேரம் ஒரு அலை பின்புறத்தைத் தள்ளியது. இடது பக்கம் பலகை கிழிகிற சத்தம் கேட்டது. வளையம் இரண்டு ஸ்குரூவோடும் பலகைச் சிராயோடும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பூம் அவர் முதுகுக்கு மேலே போனதை நான் பார்க்கவில்லை, காற்றுதான் என் முகத்தில் அடித்தது. அவர் பின்னால் பிடித்திருந்த குடை எங்கோ பறந்து கடலில் விழுந்தது. அவர் தலை நிமிர்ந்து பார்த்தபோது அவர் கையில் கைப்பிடி மட்டும் இருந்தது. நான் திணித்த இரண்டு ஆப்பம்தான் அவரைக் குனிய வைத்தது, சவரி. அந்த இரண்டு ஆப்பத்துக்காக இன்றைக்கும் நான் ஜெபம் சொல்கிறேன்.

லூர்து பாய்ந்து போய்க் கயிற்றைப் பிடித்து அந்தத் துருப்பிடித்த தகட்டிலேயே மாட்டினான். பரங்கிப்பேட்டை வரைக்கும் அது ஒரு முனகல்கூட இல்லாமல் தாங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. உன் மாமனார் வழி முழுக்க அந்தக் குடைக் கைப்பிடியைக் கீழே வைக்கவே இல்லை. இறங்கும்போது, "அந்த வளையத்தக் குடுங்க" என்றார். கொடுத்தேன். ஸ்குரூவோடு கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "தேதியெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சம்பந்தி அம்மா, எனக்கு ஒடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டு அவர் தனியாகவே பஸ் ஏறினார்.

நீ வேலைக்குத் திரும்பினாய், நான் வீட்டுக்கு வந்தேன். அப்புறம் நான் பட்டது உனக்குத் தெரியாது. வளையத்தை எதற்கு எடுத்துப் போனார்? சொந்தக்காரர்களிடம் காட்டத்தான். இந்த லட்சணத்தில் படகு வைத்திருக்கிறவனுக்கா பெண் கொடுப்பது என்று கேட்க ஒரு சாட்சி வேண்டும் அல்லவா? லூர்திடம் சொன்னேன். "சம்மந்தம் போனா போவுதுக்கா, ஆளு போவலியே" என்றான். அது சரிதான். ஆனால் அந்தப் பெண் கோயிலில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பாடியது என் கண்ணிலேயே நின்றது. நீ வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் உனக்கும் அவள்தான் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் ஒரு பிள்ளை மெல்லிசுத் துணியில் பெரிய பட்டனைத் தைத்து இழுத்தது, பட்டன் துணியையே பிய்த்துக்கொண்டு வந்தது. அடியில் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைக்க வேண்டுமென்று எத்தனை தரம் சொல்வது என்று அதட்டினேன். அதட்டும்போதே எனக்கு உறைத்தது. இதையே தினமும் சொல்லிக்கொடுக்கிறவள்தான் அரை அங்குலப் பலகையில் உன் உயிரைத் தைக்கச் சொன்னேன்.

அடுத்த வாரம் உன் மாமனார் வந்து நின்றார், கையில் பாரமான சாக்குப்பை. கதவைத் திறந்ததும் உள்ளே வந்தார். பையைத் தரையில் கொட்டினார். நாலு நீளப் போல்ட்டு, நட்டு, வாஷர், தடித்த இரும்புத் தகடுகள், இரும்பு வளையங்கள். "ஸ்குரூ பொட்டிக்குப் போடறதும்மா" என்றார். "உசிரு நிக்கிற எடத்துக்குப் போல்ட்டு. மேலேருந்து அடி வரைக்கும் போவணும், அடில தகடு வச்சி முறுக்கணும். அளவு பாக்கத்தான் வளையத்த எடுத்துக்கினு போனேன்." நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் பயந்துபோய், "எதுக்கு அழுவுறீங்க, வெலை போடலியே நான்" என்றார். அந்த மனுஷன் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கே தெரியும், ஸ்டெல்லாவுக்காகச் சொல்கிறேன். ஸ்டெல்லா, அந்த இரும்பு வளையங்களை எங்கே போடுவது என்று மூன்று ஆண்களும் சண்டை போட்டார்கள். சுக்கானிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற மாதிரி பின்னால் போடலாம் என்றான் லூர்து. துருப்பிடித்த தகட்டிலேயே மாட்டினால் என்ன என்றேன் நான், போன தடவை செய்த தப்புக்குப் பரிகாரமாக. "அது பாய்மரத்தப் புடிக்கிற வேலையப் பாக்கட்டும், ஒருத்தன் தலைல ரெண்டு சொமை எதுக்கு" என்றார் உன் அப்பா. சவரி என்னிடம் நூல்கண்டும் தையல் சாக்கட்டியும் கேட்டான். உருளை வழியாக நூலை விட்டு இரண்டு முனையையும் இரண்டு ஓரத்திலும் பிடிக்கச் சொன்னான். பூமை இந்தக் கோடிக்கும் நடுவுக்கும் அந்தக் கோடிக்கும் நகர்த்தினான். பின்னால் பிடித்தபோது, பூம் விரிந்தால் நூல் விறைத்தது, நடுவுக்கு வந்தால் தொங்கியது. கயிறு தொங்குகிற இடத்தில் பிரேக் எங்கே பிடிக்கும்? முன்னால் நகர்த்திக்கொண்டே போய், பாய்மரத்துக்கு நேர் பக்கவாட்டில் வந்ததும் நூல் எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய ஒரே விறைப்பில் நின்றது. நல்லவேளையாக அங்கே பலகைக்கு அடியில் குறுக்கு விட்டமும் ஓடியது, நடக்கிறவர் காலிலும் கயிறு தடுக்காது. அங்கே நான் சாக்கட்டியால் குறி போட்டேன். விட்டத்தைத் தாண்டித் துளையிட்டு, அடியில் தகடு வைத்து, நாலு போல்ட்டையும் உன் அப்பாதான் முறுக்கினார். முறுக்கி முடித்து ஒவ்வொருவராகப் பிடித்துத் தொங்கச் சொன்னார். "நீங்களும் வாங்க சம்பந்தி அம்மா, நீங்கதான் கனம்" என்றார்.

அப்புறம் ஆற்றைத் தாண்டி வெளியே போனோம். உன் மாமனார் போய் அதே இடத்தில் உட்கார்ந்தார், சவரி. வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. வெறும் தலை, குடைகூட இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் பூம் தலைக்கு ஒரு சாண் மேலேதான் போகும், சாதாரணமாகப் போனால். அன்றைக்கு மாதிரி அறைந்து வந்தால் படகு சாய்ந்து தலைக்கே வரும். "இப்பத் திருப்பு மாப்ள" என்றார். அவர் உன்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அப்போதுதான். நீ திருப்பினாய். உருளை முனகியது, கயிறு புகைகிற வாசனை வந்தது, பூம் வண்டிமாடு தெருவைக் கடக்கிற மாதிரி நிதானமாக அவர் தலைக்கு மேலே கடந்து போனது. அவர் தலையைத் தூக்கி அது போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "கல்யாணத் தேதிய வச்சிக்கலாம்" என்றார். கைக்குட்டையை அவிழ்த்துப் பித்தளை வளையத்தை என் கையில் கொடுத்தார்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு நீளமாக என்று கேட்பாய். கட்டுகிற இடத்தைப் பற்றித்தான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சவரி, உன் அப்பா இருந்த காலத்தில் பெரிய கோபக்காரர், உனக்கே தெரியும். அவர் கத்தினால் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பண்ருட்டியில் எங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே பலாச்சுளையும் பரிதாபமும் தயாராக இருக்கும். ஆளாளுக்கு அவரைத் திட்டுவார்கள். இதமாகத்தான் இருக்கும், ஆனால் நான் திரும்பி வரும்போது சண்டை போனதைவிடப் பெரிதாகியிருக்கும். என் பக்கத்தில் பேசியவர்களுக்கு என் மேல் பாசம் இருந்தது, எங்கள் வீட்டின் பாரத்தைத் தாங்குகிற விட்டம் அவர்களிடம் இல்லை. கடைசியில் எங்களுக்குப் பிடித்து நின்றது ஒரு சின்ன விஷயம். எவ்வளவு சண்டையானாலும் ஒருவர் வராமல் இன்னொருவர் சாப்பிடுவதில்லை என்று இருந்தோம். சொல்லி வைத்துக்கொள்ளவில்லை, அதுவாக அமைந்தது. பசி அவர் கோபத்தையும் என் வீம்பையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வைக்கும். உங்களுக்கு எது அப்படி அமையும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். உங்கள் படகுக்குள்ளேயே பாருங்கள்.

நாளைக்கு ஸ்டெல்லாவோடு உனக்கு மனத்தாங்கல் வரும். வராமல் இருக்காது. அப்போது உனக்கு என் நினைப்பு வரும், கடலூருக்கு ஒரு பஸ்தானே என்று தோன்றும். நான் ஆப்பம் சுட்டுப் போட்டு உன் பக்கம்தான் பேசுவேன், எனக்கு வேறு பேசத் தெரியாது. அதனால் அதைச் சுமந்துகொண்டு இங்கே வராதே. இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கத்தான் செய்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று காலை கரையில் லூர்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரைக்காற்று நன்றாக இருந்தது. முகத்துவாரத்தைத் தாண்டியதும் நீ தெற்கே திருப்பினாய், பூம் வலமிருந்து இடமாக வந்தது. ஸ்டெல்லா முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவ்வளவு மெதுவாக அவள் தலைக்கு மேலே அது கடந்து போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படி ஒன்று போனதே அவளுக்குத் தெரியாது. "அக்கா, கைய உடு, வலிக்குது" என்றான் லூர்து. அப்போதுதான் விட்டேன்.

பித்தளை வளையம் இதோ மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு நடுவில் இருக்கிறது. மறுபடியும் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். அடுத்த திருநாளுக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள், படகில் வளைவு கட்ட வேண்டும். பூவைத் தாங்க அது போதும், சவரி. நானும் அப்படித்தான்.

உன் அம்மா